அப்பா பேசி வென்ற பீவர் வியாபாரம்

நாங்கள் வந்து குடியேறிய நோத்ர-டாம்-த-கிரேஸில், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்புப் படித்தபோது, இந்த நாட்டின் பழைய காலத் தோல் வியாபாரத்தை எங்களைக் கொண்டு நாடகமாகப் போட்டார்கள். பிரெஞ்சு வியாபாரி தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலும் கம்பளியும் கொடுத்து, பூர்வகுடித் தலைவரிடம் பீவர் என்ற நீர்விலங்கின் தோல் வாங்க வேண்டும். அந்த வியாபாரி வேடத்தில் எனக்கு ஒரே பைத்தியம். கிடைத்ததோ வியாபாரியின் பூர்வகுடி மனைவி. ஒருவர் சொல்வதை மற்றவரின் மொழியில் சொல்வதுதான் வேலை. அவள் இல்லாவிட்டால் ஒரு தோலும் கைமாறியிருக்காது என்றார் ஆசிரியை. அழுகிற பிள்ளைக்கு எதையாவது சொல்லத்தானே வேண்டும்!

வீட்டில் என் அழுகை அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. மூலைக்கடை நடத்துகிற மனிதர். வியாபாரம் என்றாலே தன் சொந்த விஷயம் என்ற நினைப்பு அவருக்கு.

"யாவாரியின்ர பிள்ளை யாவாரியாத்தான் நிக்கோணும். நாளைக்கு நான் வந்து கதைக்கிறன்."

கதைப்பதில் ஒரு சிக்கல். அப்பாவின் பிரெஞ்சு வணக்கத்துக்கான பொன்ஜூரில் தொடங்கி நன்றிக்கான மெர்சியில் முடிந்துவிடும். இடையில் உள்ள அவ்வளவையும் கடையில் அம்மாதான் பேசுவார். ஆகவே பள்ளிக்கூடத்துக்கும் அம்மா வந்தார்.

ஆசிரியை முன்னால் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நடுவில நிண்டு திருப்பிச் சொல்லுறதும் ஒரு வேலையே? என்ர மகளை யாவாரியா நிப்பாட்டச் சொல்லும்" என்று அம்மாவிடம் முழங்கினார்.

அம்மா நிதானமாக, சொல் சொல்லாகப் பிரெஞ்சில் சொன்னது வேறு. "இந்த வேடத்தில் என் கணவருக்கு மிகவும் சந்தோஷம். இவ்வளவு முக்கியமானவளுக்கு இருக்கிற வசனம் போதாது என்று நினைக்கிறார்." ஆசிரியை முகம் மலர்ந்து, கூட்டி எழுதுவதாக ஒப்புக்கொண்டார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"நீங்கள் வந்து சொன்னபடியால் பிள்ளையின்ர வேசத்தைப் பெரிசாக்கிறாவாம். யாவாரியே இனி இவளைக் கேட்டுத்தான் வாய் திறப்பாராம்."

அப்பா எழுந்து ஆசிரியையின் கையைக் குலுக்கி மெர்சி சொன்னார். எனக்கு இரண்டு மொழியும் விளங்கியது. விளங்கியதால் அம்மா மேல் கோபம் பொங்கியது. ஆனால் வழி முழுக்க அப்பா அவ்வளவு சந்தோஷமாக வந்தார், அதைக் கெடுக்க மனம் வரவில்லை.

மேடையில் தலைவரும் வியாபாரியும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் சொல்லாமல் ஒரு கேத்தல்கூட நகரவில்லை. கைதட்டலில் எனக்குத் தலைகால் தெரியவில்லை. அது, தானே பேசி வாங்கிக் கொடுத்த வேடம் என்று அப்பா பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தமிழில் சொல்ல, அம்மா அதைப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அம்மாவை மன்னித்துவிட்டேன். பாவம், பிரெஞ்சு இன்னும் சரியாகப் பிடிபடாததால்தான் அப்பா சொன்னதைத் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்தேன்.