வளர்மதி வைத்த வரம்பு

வளர்மதி இறந்த செய்தி எனக்கு வந்த விதமே அவருக்குப் பிடித்திருக்காது. பழைய அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில், ஒரு மெழுகுவர்த்திப் படத்துக்குக் கீழே, அவர் ஒருநாளும் மதிக்காத ஒருவர் அதை அறிவித்திருந்தார். எங்கள் டைரக்டர் மல்ஹோத்ரா. "நம் நிறுவனத்தின் மனசாட்சியை இழந்துவிட்டோம்" என்று எழுதியிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். கும்பிட்டவர்களில் பாதிப் பேர், வளர்மதி வேலையை விட்டுப் போன அன்று திரையிலிருந்து தலையைத் தூக்காதவர்கள். மனசாட்சியை இழந்தார்களாம்! வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவர்கள் இவர்கள். அது எப்படி நடந்தது என்பதை அவரை அறிந்தவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

வளர்மதிக்குத் திருநெல்வேலி. கணவருக்குத் தலைநகரில் மத்திய அரசு வேலை, ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் குடித்தனம். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. இந்தியையும் திருநெல்வேலித் தமிழ் மாதிரியே இழுத்துப் பேசுவார். தாட்சண்யம் என்பது கிடையாது. மீட்டிங்கில் ஒருவர் வண்ண வண்ணப் படங்களைக் காட்டி நெடுநேரம் பேசி முடித்ததும், "எல்லாம் சரி, இதுல வேலை எங்க இருக்கு?" என்பார். பேசியவர் ஒரு வாரம் இவர் பக்கம் வரமாட்டார். அதைத்தான் இவரும் விரும்பினார்.

மருத்துவமனைகளில் புறநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் மென்பொருள் எங்களுடையது. மருத்துவமனைக் கவுன்டரில் இருக்கும் கணினியும், வெளி நிறுவனங்களின் செயலிகளும் எங்கள் சர்வரிடம் 'இடம் காலியா?' என்று கேட்கும். சர்வர் பதில் சொல்லும். அப்படிக் கேட்பதற்கு நாங்கள் திறந்துவைத்த வாசலுக்கு ஏபிஐ என்று பெயர். ஒரு நிறுவனத்தின் செயலி மட்டும், காலையில் முன்பதிவு திறந்த நொடியிலிருந்து மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்குப் பதில் சொல்லியே சர்வர் திணற, கவுன்டர்கள் காத்துக் கிடந்தன. வளர்மதி ஒரு வரம்பு வைத்தார். யாராக இருந்தாலும் ஒரு நிமிடத்துக்கு இத்தனை முறைதான் கேட்கலாம். மீறினால் 429 என்ற எண் பதிலாகப் போகும். அளவுக்கு மேல் கேட்கிறாய், பொறுத்து வா என்பதற்கு எங்கள் தொழிலில் எல்லோரும் பயன்படுத்தும் எண் அது.

"கேக்கவன் நானூத்தி இருவது. நான் ஒம்பது சேத்துத் திருப்பி அனுப்புதேன்" என்றார்.

அந்த நிறுவனம்தான் எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். மல்ஹோத்ரா அதிசயமாக எங்கள் மேசைக்கே வந்தார். "மேடம்ஜி, படா கஸ்டமர் ஹை. தோடா அட்ஜஸ்ட் கர் லோ." பெரிய வாடிக்கையாளராம், கொஞ்சம் அனுசரித்துப் போக வேண்டுமாம். அவர்களுக்கு மட்டும் வரம்பை எடுத்துவிடச் சொன்னார்.

ஒரு நோயாளிக்கு ஒரு டோக்கன்தானே, அதற்கு ஏன் இத்தனை முறை கேட்கிறார்கள் என்று வளர்மதி இந்தியில் கேட்டார். பதில் இல்லாத இடங்களில் எல்லாம் சிரித்தே மேலே வந்த மனிதர் மல்ஹோத்ரா. அன்றும் சிரித்துவிட்டுப் போனார். மறுநாள் வேறொருவரை வைத்து வரம்பை எடுத்தார். எடுத்தவர் வந்து, "மேடம், ஆர்டர்" என்று நெளிந்தார்.

"ஆர்டர் வந்தா மூளையக் கழட்டி வச்சிருவீங்களோ?" என்றார் வளர்மதி.

கவுன்டர்கள் பதில் கிடைக்காமல் தவிப்பது எங்கள் திரையிலேயே தெரிந்தது. ஒருநாள் காலை, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "சேகர், வாங்க. நாம பண்ணுன கூத்த நேர்ல பாத்துட்டு வருவோம்" என்று கிளம்பினார்.

மருத்துவமனையில் வரிசை அசையவே இல்லை. எங்கள் தமிழைக் கேட்டு ஒரு பெண் திரும்பினார். வீட்டுவேலை செய்பவர், சொந்த ஊர் விழுப்புரம் பக்கம். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர்.

"நேத்தும் வந்தோம்க்கா. பையா, ஜல்தி பாருன்னா கம்ப்யூட்டர் பந்த், ஓடலங்கிறான். அப்புறம் டோக்கன் தீந்துபோச்சுங்கிறான். வேலை செய்யிற வீட்ல தினம் சுட்டி, லீவு குடுப்பாங்களா? வெளிய கேட்டாண்ட ஒருத்தன் போனை வச்சிக்கினு டோக்கன் விக்கிறான். அவனுக்கு மட்டும் எப்படிக்கா கெடைக்குது?"

வளர்மதி வெளியே போய்ப் பார்த்தார். அந்த ஆளின் போனில் ஓடிக்கொண்டிருந்தது எங்கள் பெரிய வாடிக்கையாளரின் செயலிதான். யார் யார் பெயரிலோ டோக்கன்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆள் கிடைத்ததும் பெயரை மாற்றி விற்றுக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார். டைரக்டரிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன்.

"அவர்ட்ட என்ன கேக்க? மூச்சு வாங்குதது அவருக்கா?"

வரம்பைத் திரும்பவும் போட்டார். இந்த முறை வேறு யாரும் எடுக்க முடியாதபடி பூட்டையும் மாற்றினார். கொஞ்ச நேரத்தில் கவுன்டரில் பிரின்டர் சத்தம் கேட்டது. அன்றைக்கு மீதியிருந்த டோக்கன்கள் வர, வரிசை நகர்ந்தது. அந்தப் பெண் தன் டோக்கனை வாங்கிக்கொண்டு கணவரைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார். நாம் யார் என்று அவரிடம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"என்னன்னு சொல்ல? நம்மாலதான் நின்னாவ" என்றார் வளர்மதி.

மாலையில் மல்ஹோத்ராவின் அறைக்கு அழைப்பு வந்தது. கதவு திறந்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அனுமதி இல்லாமல் சர்வரைத் தொட்டது பெரிய குற்றமாம். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் பெருந்தன்மையோடு மறந்துவிடுவாராம். "மாஃபி கிஸ் பாத் கி?" என்றார் வளர்மதி. எதற்கு மன்னிப்பு? கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு வந்தார். மறுபடி அந்தக் கட்டடத்தில் கால் வைக்கவில்லை.

டோக்கன் விற்பது பிறகு வெளியே தெரிந்து நாறியது. உடனே மல்ஹோத்ராவுக்கு வரம்பின் மேல் காதல் வந்துவிட்டது. 'அனைவருக்கும் சம வாய்ப்பு, எங்கள் கொள்கை' என்று வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

போன வாரம் காணொளியில் இரங்கல் கூட்டம். வளர்மதியின் மகளும் இருந்தார். மல்ஹோத்ரா பின்னணியில் பூக்களை மங்கலாக வைத்துக்கொண்டு, அந்த வரம்பு தன் வழிகாட்டலில் வளர்மதி செய்தது என்றார். நான் மைக்கைத் திறந்து, மருத்துவமனை வரிசையையும் மல்ஹோத்ரா எழுதித் தரச் சொன்ன மன்னிப்பையும் இந்தியில் சொன்னேன்.

"சேகர்ஜி, ஆவாஸ் கட் ரஹீ ஹை" என்றார். குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதாம். அடுத்த கணம் என் மைக்கை அணைத்துவிட்டார்கள்.

கூட்டம் முடிந்ததும் மகள் அழைத்தார். "அங்கிள், நீங்க சொன்னது ஃபுல்லா கேட்டுச்சு. அம்மா வீட்ல இதெல்லாம் பதாயே இல்ல, சொன்னதே இல்ல. அந்த மல்ஹோத்ராவ அம்மா கண்டிப்பா லைக் பண்ணிருக்க மாட்டாங்க, இல்ல?"

"சுத்தமா பிடிக்காதும்மா."

"அச்சா ஹை, நல்லதுதான்" என்று சிரித்தார். பிறகு அழுதார்.

போனவர்களிடமிருந்து பொறுமையையும் பணிவையும் கற்றுக்கொண்டதாக எழுதுவார்கள். வளர்மதியிடம் அவை இரண்டும் இருந்ததில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய அலட்சியத்தை. முண்டியடித்து முன்னால் வந்து, நான் யார் தெரியுமா என்று கேட்பவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், பின்னால் நிற்பவரிடம் "நீங்க வாங்க" என்று சொல்கிற அந்த அலட்சியத்தை.