செருப்புக் காத்தவர்

மாலை ஐந்து இருபதுக்கு மகளின் போன் அணைந்துவிட்டது. மணிமுத்தாறு வற்றும்போது குட்டைகளில் சிக்கும் விரால்களைப் பிடித்து ஆழமான மடுவில் விட, தெருக்காரர்களோடு போயிருந்தாள். ஆற்றுக்கு ஓடினேன். கரையில் வரிசையாகச் செருப்புகள். அவளுடைய நீலச் செருப்பும் இருந்தது, அவளைக் காணோம். அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"அங்கயே வைங்கம்மா," என்றார் அருகில் குந்தியிருந்தவர். பீங்கான் கம்பெனிச் சட்டை, காதோரம் காய்ந்த வெள்ளைக் களிமண். "சேத்துல பொதைஞ்ச விராலு வெறுங்காலுக்குத்தான் தட்டுப்படும். அதான் கழட்டிட்டு எறங்குறாங்க. நீங்க எடுத்துட்டீங்கன்னா, பொண்ணு கரையேறிட்டுதுன்னு நெனச்சி நான் தேடமாட்டேன்."

இருந்த இடத்திலேயே வைத்தேன். ஏறி வருபவர் கால் நுழைக்க வாகாக அவர் அதைத் திருப்பினார். ஒவ்வொரு ஜோடியையும் அப்படித்தான் திருப்பிக்கொண்டிருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். வேறெங்கும் உட்கார முடிந்திருக்காது.

இருட்டத் தொடங்கியபோது, சேறு வழிய, வாளியோடு மகள் வந்தாள்.

"போனு தண்ணியில வுழுந்துடுச்சும்மா," என்றவள் அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அம்மா கேட்டாலும் செருப்பக் குடுத்துடாதீங்க. இன்னும் ஒரு குட்டை இருக்குது."