அடுத்த கூட்டம் யார் வீட்டில்

“உசுரோட கீற புள்ளைய செத்தவங்களோட சேத்து மைக்ல படிச்சிட்டியே ஸ்டெல்லா, அவன் செத்துட்டான்னு உனக்கு யாரு சொன்னது?”

கல்லறைத் திருநாள் அன்று, கல்லறைத் தோட்டத்து வாசலில், பாதி எரிந்த மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு லூர்து அக்கா என்னைக் கேட்டது இது. “கை தவறி எழுதிட்டேன்கா” என்றேன். “எழுதினது கை. படிச்சது வாயிதானே? அவன் பேரு வந்தப்ப நின்னிருக்கணுமா இல்லியா?” என்றார். கான்வென்டில் பன்னிரண்டு வருடம் சிஸ்டர்களிடமே வாதாடி வளர்ந்தவள் நான். எனக்குப் பதில் கிடைக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

அன்பியப் பொறுப்பாளர் வேலைக்குச் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா செய்தால் வாங்கிக்கொள்ள ஆளும் கிடையாது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: நாலைந்து தெருக்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்த்து ஓர் அன்பியம் என்பார்கள். மாதம் ஒரு முறை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, மன்றாடி, டீ குடித்துக் கலைவோம். அதை நடத்துகிறவள் பொறுப்பாளர். கையில் நோட்டும் வயிற்றில் எரிச்சலுமாக வீடு வீடாகப் படியேறும் சக பொறுப்பாளர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் தலையாட்டிக்கொண்டே படியுங்கள்.

நான் மாட்டிய நாள்

அன்று நான் புகார் சொல்லத்தான் போனேன். எங்கள் பழைய பொறுப்பாளர் ஆறரை மணிக் கூட்டத்தை ஏழேகாலுக்குத் தொடங்குவார். வாசகத்தை வாசித்தால் பவுலடியாரே எழுந்து வந்து திருத்தும்படி இருக்கும். எங்கள் சேக்காட்டுக் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த ஃபாதரிடம் இதையெல்லாம் வரிசையாக அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அடுத்த மாசத்துல இருந்து நீங்களே பாத்துக்குங்கம்மா” என்று டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

வீட்டில் மாமனாருக்குச் சர்க்கரை, மகளுக்கு பிளஸ் டூ, கணவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை என்று மறுக்க வாயெடுத்தேன். கோயில் அலுவலகக் கதவோரம் உட்கார்ந்திருந்த லூர்து அக்கா முந்திக்கொண்டார். அப்போது அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. கோவில்பதாகைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்து நின்றவர், கணவர் சவரிமுத்து தவறிவிட்டார், தான் வேலையை விட்டதற்காக அம்மா திட்டினார் என்று ஒரே மகன் ஆரோக்கியம் கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது என்ற அளவில்தான் தெரியும். முதல் மூன்று மாதம் வடக்கே எங்கிருந்தோ போன் செய்தானாம். அப்புறம் அந்த நம்பரே இல்லை என்றதாம். அந்த லூர்து அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்: “வாயி கீது, இங்கிலீசு கீது, கையெழுத்து முத்து முத்தா கீது. இன்னும் இன்னா வேணும் உனக்கு?”

வெள்ளையடிக்கும் வீடுகள்

கூட்டம் முடியும்போது பொறுப்பாளர் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். “அடுத்த கூட்டம் யார் வீட்ல வெச்சிக்கலாம்?” அதுவரை கணீரென்று பாடிய நாற்பது குடும்பமும் அந்த நொடியில் தங்கள் கால் கட்டைவிரலை ஆராயத் தொடங்கிவிடும். ஒரு வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். எந்த மாதம் கேட்டாலும் அந்த வீட்டில் வெள்ளையடிப்பார்கள். இன்னொரு வீட்டில் நாய் கடிக்கும். மூன்றாவது வீட்டுக்காரிக்குக் குமணன்சாவடியில் தங்கச்சி வீட்டு விசேஷம், தேதி முடிவாகாத விசேஷம். என் வீடு? நானே பொறுப்பாளர், என் வீட்டிலேயே வைத்தால் பெருமைக்கு வைத்தாள் என்பார்கள். இதுவும் நாய் கடிக்கும் என்ற கணக்கில் சேர்த்திதான், எனக்குத் தெரியும்.

கடைசியில் கதவோரத்திலிருந்து லூர்து அக்காவின் குரல் வரும். “நம்ம ஊட்ல வெச்சிக்கலாம்.” ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒன்றரை அறை வீடு. பக்கத்து வீட்டுக் குமுதாவிடமிருந்து பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வரும், பாதிப் பேர் தெருவில் உட்காருவோம். குமுதா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவள். ஆனால் எங்கள் கூட்டத்துக்கு டீ போட்டது பெரும்பாலும் அவள்தான். ஐந்து வருடத்தில் முக்கால்வாசிக் கூட்டம் அங்கேதான் நடந்தது. ஒரு நாள் கேட்டேன், எதற்கக்கா நீங்களே எப்போதும் இழுத்துப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று. நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்: “லைட்டு எரியுது, நாலு பேரு கீறாங்க, கதவு தொறந்து கீதுன்னு தெருவுல வர்றவனுக்குத் தெரியணும்ல?”

பொதுவான கருத்து

மன்றாட்டு நேரத்தில் அவரவர் கருத்தை, அதாவது எதற்காக வேண்டுகிறோம் என்பதை, சொல்லலாம். ஒருவர் மூட்டுவலிக்கு, ஒருவர் மகனின் கனடா விசாவுக்கு. லூர்து அக்காவுக்கு ஒரே மன்றாட்டு: “எம் புள்ள ஆரோக்கியம் எங்க கீறானோ, அங்க அவனுக்கு நேரத்துக்கு சோறு கெடைக்கணும் ஆண்டவரே.” அதோடு நிற்காது. அவனுக்குக் கத்தரிக்காய் ஒத்துக்காது, முதுகில் சளி கட்டும், கோபம் வந்தால் சாப்பிட மாட்டான் என்று ஆண்டவருக்கு முழு விவரமும் போகும்.

எனக்குக் கடிகாரம் ஓடும். ஒரு கூட்டத்தில் பொறுமை இழந்து, “அக்கா, கொஞ்சம் பொதுவான கருத்தா சொல்லுங்களேன். வெளியூர்ல இருக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்காகவும்னு சொன்னா உங்க பையனும் அதுல வந்துடுவான்ல” என்றேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். இரண்டு பேர் தலையைக்கூட ஆட்டினார்கள். அக்கா கோபப்படவில்லை. “எல்லாப் புள்ளைங்களுக்கும் கேக்க ஆளு கீது ஸ்டெல்லா. இவன் பேர நான் சொன்னாதான் உண்டு.”

பட்டியல்

நவம்பரில் ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் இறந்தவர்களின் பெயர்களை வாங்கி, எழுதி, கல்லறைத் தோட்டத்தில் வாசிப்பது பொறுப்பாளர் வேலை. போன வருடம் நான் வீடு வீடாகப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர்களை அனுப்பவும் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். லூர்து அக்காவிடம் இருந்தது பட்டன் போன். நாலு வீடு தள்ளி இருக்கிறவரிடம் நடந்து போய்க் கேட்டிருக்கலாம். அவர் குடும்பம் எனக்குத் தெரியாததா என்று நானே எழுதினேன். சவரிமுத்து. சவரிமுத்துவின் தாயார் அந்தோணியம்மாள். ஆரோக்கியம்.

சாமந்தியும் மெழுகுவாசனையுமாக ஊரே கூடியிருந்த இடத்தில் மைக்கைப் பிடித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நடுவே மூச்சு விட வேண்டும், கடைசி எழுத்தை விழுங்கக் கூடாது என்று எங்கள் சிஸ்டர் சொல்லிக் கொடுத்தபடி வாசித்தேன். அன்று என் உச்சரிப்பில் ஒரு குறை கிடையாது. நித்திய இளைப்பாற்றியை இவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே என்று கூட்டம் சேர்ந்து பதில் சொன்னது. ஆரோக்கியத்துக்கும் சேர்த்துத்தான்.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் புலம்பினேன். அவசரத்தில் நடந்தது, தலைக்கு மேல் வேலை, யாருக்கும் வரக்கூடிய தவறு என்றெல்லாம். அவர் அதிகம் பேசாதவர். ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “நீ தப்பா எழுதல ஸ்டெல்லா. மனசுல இருந்தத எழுதிட்ட.”

கேக் டப்பா

மறுநாள் ஒரு கேக்கை வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்கப் போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். அக்கா உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார், டீ கொடுத்தார், குமுதாவுக்கும் ஒரு துண்டு கேக் வெட்டி அனுப்பினார். நான் ஒத்திகை பார்த்ததில் “மன்னிச்சிடுங்கக்கா” என்று மட்டும் வந்தது.

அவர் டப்பா மூடியை அழுத்தி மூடினார். பிறகு சொன்னார்: “உம்மேல கோவம் இல்ல. நீ ஒருத்தி தப்பா படிச்ச. அவ்ளோ பேரு நின்னாங்களே, அவன் பேரு வந்தப்ப ஒருத்தராவது தலைய தூக்கிப் பாத்தாங்களா?”

முழுப் பெயர்

அதன்பின் அவர் கூட்டத்துக்கு வரவில்லை. “அடுத்த கூட்டம் யார் வீட்ல?” என்ற கேள்விக்கு அவரவர் கட்டைவிரல்தான் பதில். கோயில் வராந்தாவில் கூட்டம் போட்டோம். பாதிப் பேர் வந்தார்கள்.

ஃபாதரிடம் நடந்ததைச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் ஆரோக்கியத்தின் உடல்நலனுக்காக என்று கருத்து வாசிக்க வைத்தேன். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும் வாசிக்கிற கருத்து அது. கடைசி பெஞ்சில் இருந்த அக்கா பூசை முடிந்ததும் என்னைத் தேடி வந்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன். “அவன் பேரு ஆரோக்கியசாமி. ஊட்லதான் ஆரோக்கியம். நீ அன்னிக்கு மைக்ல படிச்சதும் ஆரோக்கியம்தானே? அது வேற யாரோ ஒருத்தன்னு வெச்சிக்கினேன்” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஏதோ சொல்லப் பார்த்தார். எனக்கு அடுத்த வாரப் பூசையில் பைபிள் வாசிப்பவர்களின் பட்டியல் போடுகிற வேலை இருந்தது, மூன்று பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பேசலாம்கா என்றேன். “போ, போ. உனக்கு எப்பவும் அவசரம்.”

படிவம்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு காலை குமுதா போன் செய்தாள். “யக்கா, லூர்தம்மா எழுந்துக்கல. நான் தொட்டுப் பாத்துட்டேன், நீ வா.” கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்ததாம். எப்போதுமே போட்டதில்லையாம், குமுதா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடக்கத்துக்கு அன்பியப் பொறுப்பாளர் படிவம் நிரப்ப வேண்டும். கணவர் என்ற இடத்தில் சவரிமுத்து, காலமானார். பிள்ளைகள் என்ற இடத்தில் ஆரோக்கியசாமி, மகன், இருக்கிறார் என்று முழுதாக எழுதினேன். கோயில் அலுவலகத்தில் பதிவேடு பார்க்கும் உபதேசியார் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார். இருந்தால் மகன் கையெழுத்து வேண்டும், எங்கே அவர் என்றார். தெரியாது என்றேன். வருவாரா என்றார். அதுவும் தெரியாது என்றேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, நியாயமாகத்தான் கேட்டார்: “அப்போ அவர் இருக்காருன்னு உங்களுக்கு யாரும்மா சொன்னது?”

ஒரு கைப்பிடி மண்

அவங்க அம்மா சொன்னாங்க என்றேன். உபதேசியார் மேலே கேட்கவில்லை, என் கையெழுத்தையே வாங்கிக்கொண்டார்.

குழிக்குள் பெட்டியை இறக்கினார்கள். முதல் மண் மகன் போட வேண்டும். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நாற்பது குடும்பமும் தலையைத் தூக்கியது அன்றைக்குத்தான். குமுதாவின் புருஷன், ஆட்டோ ஓட்டுகிறவர், லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட்டார். இன்னொரு பிடியை அள்ளி, போடாமல், குழிக்கு ஓரமாகத் தனியாக வைத்தார். வெட்டியான் அதையும் சேர்த்துத் தள்ள மண்வெட்டியை நீட்டினான். “அத வுட்ரு அண்ணாத்தே. அது அந்தப் புள்ளையோடது.”

இந்த வருடம்

இந்த நவம்பரில் வாட்ஸ்அப்பில் எதுவும் போடவில்லை. நாற்பது வீட்டுக்கும் நடந்தேன். வெள்ளையடிக்கும் வீட்டில் சுவரெல்லாம் அழுக்காக இருந்தது, நாய் என் காலை நக்கியது. கடைசியாகக் குமுதாவிடம் போனேன். லூர்து அக்கா வீட்டுச் சாவி அவளிடம்தான். சாயங்காலம் ஆறு மணிக்குத் திறந்து லைட்டைப் போடுகிறாள், எட்டரைக்கு அணைத்து மூடுகிறாள். “சொல்ட்டுப் போனாங்கக்கா. நமக்கு இன்னா, ஒரு சுச்சிதானே.”

கல்லறைத் தோட்டத்தில் சவரிமுத்து, அந்தோணியம்மாள், லூர்து மேரி என்று வாசித்தேன். அடுத்த பெயருக்கு நாக்கு தானாகவே எழுந்தது. அடக்கிக்கொண்டு, மைக்கை அடுத்த அன்பியத்துக்காரியிடம் கொடுத்தேன்.

நேற்று கோயில் வராந்தாவில் கூட்டம். மன்றாட்டு நேரத்தில், ஆரோக்கியசாமி எங்கே இருந்தாலும் அவனுக்கு நேரத்துக்குச் சோறு கிடைக்க வேண்டும், கத்தரிக்காய் இல்லாத சோறாக, என்றேன். யாரும் சிரிக்கவில்லை. ஆறு வருடம் பொறுப்பில் இருந்து நான் செய்து முடித்தது இவ்வளவுதான்: கூப்பிடாமலே கதவைத் திறந்து வைத்த ஒருத்தியை வரவிடாமல் செய்துவிட்டு, இப்போது அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி மற்றவர்களைக் கூப்பிடுகிறேன். எழுந்து நின்று கேட்டேன்:

“அடுத்த கூட்டத்த லூர்து அக்கா வீட்லயே வெச்சிக்கலாமா? சாவி குமுதாகிட்ட இருக்கு. யாராவது நாலு பேர் வந்தா போதும்.”

தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, கீழே எல்லோரும் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.