எல்லோரையும் சிரிக்க வைத்த அழுகை

2025 ஜூலை 9, புதன்கிழமை. குன்னூரில் அன்று விடியும்போதே தூறல். வழக்கம்போல் எழுந்து பால் காய்ச்சினேன். இரண்டு நாளாகக் காயாமல் கொடியில் கிடந்த துணிகளை எடுத்து ஹீட்டர் பக்கத்தில் விரித்தேன். நாட்குறிப்பில் 'தூறல், காற்று இல்லை' என்று ஒரு வரி எழுதினேன். தேயிலை ஏலம் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. ஏலத்துக்கு முந்தின நாளில் நான் லீவு போட்டதே இல்லை. அன்று போட்டேன். எதிர் வீட்டு அக்காவை அடக்கம் செய்யும் நாள் அது.

அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்தவர். கணவர் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் கனடாவில் இருக்கிறான். அக்காவுக்கு ஒரு தங்கை. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை, ஆனால் முகத்தைப் பார்த்தால் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தொலைக்காட்சியில் நகைச்சுவை நடிகை.

தொழிற்சாலைக் குடியிருப்பில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டுப் பழகி, அந்தத் தைரியத்தில் சென்னைக்குப் போனவர் அவர். முதல் சில வருடங்கள் கூட்டத்தில் நிற்கிற வேடம்தான் கிடைத்தது. அக்கா தைத்த துணிகளை டெலிவரி கொடுத்துவிட்டு, மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறித் துணைக்குப் போய்விட்டு வருவார். பிறகு ஒரு சீரியலில் வேலைக்காரி வேடம் வந்தது. ஒரே ஒரு நாள் வேலை. தட்டை உடைக்க வேண்டும், திட்டு வாங்கி அழ வேண்டும். தட்டை நேரம் தவறி உடைத்ததற்கு டைரக்டர் நிஜமாகவே திட்டிவிட்டார். இவரும் நிஜமாகவே அழுதுவிட்டார். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம். ஒரு நாள் வேலைக்காரி அந்த சீரியல் முடியும்வரை இருந்தார். அதற்குப் பிறகு எந்த நிகழ்ச்சிக்குப் போனாலும் "அந்த அழுகை மேடம்" என்று கேட்பார்கள்.

அந்த அழுகை இப்படி இருக்கும். முதலில் சத்தமே வராது. வாய் திறந்திருக்கும், இரண்டு தோளும் காது வரைக்கும் ஏறும். பார்க்கிற நாம் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்போம். பிறகு குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் வருமே, அதுபோல மெல்லிய ஒரு கீச்சு. அப்புறம் விக்கல். விக்கலுக்கும் விக்கலுக்கும் நடுவில் பேச்சு.

"அது நடிப்பே இல்லீங்க," என்று அக்கா என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். "பொறந்ததுல இருந்து அவ அழுவறதே அப்புடித்தான். அவ அழுதா மொதல்ல சிரிக்கறது நாந்தான். நான் சிரிச்சா அவளும் சிரிச்சுப் போடுவா."

அக்கா திங்கட்கிழமை மாரடைப்பில் போய்விட்டார். மகனால் வர முடியவில்லை. விசா புதுப்பிக்கும் நேரம், நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்பப் போக முடியாது என்றான். அதனால் அடக்கத்தை நேரலையில் காட்ட ஏற்பாடு செய்தோம். பூ, காப்பி, மாதா கோயில், வண்டி என்று எல்லாப் பொறுப்பையும் அக்காவின் கணவர் என்னிடம் விட்டிருந்தார். கீழே பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ஒருவர் சவப்பெட்டியின் கால்மாட்டில் கேமராவை நிறுத்தினார். ஜெபம் கேட்பதற்காகத் தலைமாட்டில் சின்ன மைக் ஒன்றும் வைத்தார். அக்காவின் முகம் சரியாகத் தெரிகிறதா என்று என் போனில் பார்த்து உறுதி செய்துகொண்டேன். கனடாவில் அப்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். பையன் முழித்துக்கொண்டிருந்தான்.

பதினோரு மணிவாக்கில் தங்கை வந்து சேர்ந்தார். எங்கள் வீடுகளுக்குக் கார் வராது. படியேறித்தான் வர வேண்டும். படியிலேயே இரண்டு பேர் செல்ஃபி கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை, நின்றார். உள்ளே வந்து அக்காவின் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அக்கா முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இருக்கும் பெண்மணி யார் வீட்டு விசேஷத்துக்கும் முதலில் வருவார், கடைசியில் போவார். நடுவில் வாய் ஓயாது. அவர் என் காதோரம் வந்தார்.

"பாத்தீங்களாக்கா? டிவியில அந்த அழுவ அழுவுது. கூடப் பொறந்தவளுக்கு ஒரு சொட்டு வருதா பாருங்க."

"அதது அவங்கவங்க மனசுங்க."

"மனசா? மேக்கப்பு கலைஞ்சு போயிருமின்னு இருக்கும்."

மேக்கப் எதுவும் இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தேன், பவுடர்கூடப் போடவில்லை. ஆனால் சுற்றிலும் நின்றவர்களில் நாலைந்து பேர் கையில் போனைத் தயாராக வைத்திருந்தார்கள். எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஜெபமாலை முடியும் தறுவாயில் நான் காப்பி டம்ளர் எடுக்கச் சமையலறைக்குப் போனேன். தங்கையும் பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்க, பெட்டிய எப்ப மூடுவாங்க?"

"ஜெபம் முடிஞ்சதும் குடும்பப் போட்டோ. அப்புறம் மூடிருவாங்க. கோயில்ல பங்குச் சாமியார் காத்துட்டு இருக்காரு."

அவர் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "அதுக்குள்ள எனக்கு அழுவோணுங்க," என்றார்.

எடுத்த டம்ளர்களைக் கீழே வைத்தேன். அவரே சொன்னார். "எங்கப்பா செத்தப்ப அழுதேன். எவனோ போன்ல புடிச்சுட்டான். ஒரே வாரம். அதுக்குப் பாட்டுப் போட்டு, கீழ சிரிச்ச மூஞ்சியா அடுக்கி, ஊரெல்லாம் சுத்துச்சு. எனக்கே அனுப்புனாங்க, 'சூப்பர் மேடம்'னு. கோவம் வரலீங்க. சிரிக்கப் பழக்குனதே நாந்தான? ஆனா எங்கப்பா மொகமும் அதுல ஓரத்துல இருந்துச்சு. அக்கா மொகம் அப்புடி வரக்கூடாது."

"கேமராவத்தான சொல்றீங்க? பையன் பாத்துட்டு இருக்கானே."

"தெரியுமுங்க. அதனாலதான் வாயத் திறக்காம நிக்கறேன். அவன் அவங்கம்மாவ வேற எப்புடிப் பாப்பான்? ஆனா இப்புடியே மூடிட்டாங்கன்னா…" தோள் இரண்டும் மெதுவாக மேலே ஏறுவதைப் பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்து அவற்றை இறக்கினார்.

போட்ட திட்டத்தை நடுவில் மாற்றுவது எனக்கு எப்போதும் பிடிக்காத காரியம். மணி வேறு ஓடிக்கொண்டிருந்தது. மழை வலுத்தால் பெட்டியைப் படியில் இறக்குவது கஷ்டம். அக்காவின் கணவரிடம் போய்க் குனிந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் மச்சினியைத் திரும்பிப் பார்த்தார். "பண்ணுங்க அம்மணி," என்றார். "சாமியார் காத்திருப்பாரு."

ஸ்டுடியோக்காரரிடம் கேமராவைச் சுவரில் இருந்த இயேசுவின் திரு இருதயப் படத்தின் பக்கம் திருப்பச் சொன்னேன். நான் கூப்பிட்டதும் பழையபடி வைக்க வேண்டும், மூடுவதைப் பையன் பார்க்க வேண்டும் என்றேன். திருப்பி வைத்துவிட்டு அவர் வெளியே போனார். பிறகு எல்லோரையும் வரக்காப்பிக்கு வெளியே தார்ப்பாய்க்கு அடியில் வரச் சொன்னேன்.

"மழையில எதுக்குங்க வெளிய தொரத்தறீங்க?" என்றார் கடைசி வீட்டுக்காரர்.

"ஊட்டுக்காரங்க கொஞ்ச நேரம் தனியா ஜெபம் பண்ணோணுமாம்."

"அப்ப நாங்கெல்லாம் ஊட்டுக்காரங்க இல்லீங்களா?"

"ஊட்டுக்காரங்கதான். அதனாலதான் உங்ககிட்டக் குடுக்கறேன்," என்று காப்பிக் கெட்டிலை அவர் கையில் வைத்தேன். "எல்லாத்துக்கும் ஊத்திக் குடுங்க." கெட்டில் கைக்கு வந்ததும் அவருக்குப் பேச நேரமில்லை.

கதவைச் சாத்திவிட்டு நானும் வெளியேறப் பார்த்தேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க இருங்க. எனக்கு ஆளில்லாம அழுது பழக்கமில்லீங்க." அக்காவின் கணவரும் இருந்தார். மூன்று பேர்தான்.

அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தோள்கள் ஏறின. பிறகு அந்தக் கீச்சு. டிவியில் கேட்கும் அதே கீச்சு, ஓர் இம்மிகூட மாறாமல். உண்மையைச் சொல்கிறேன், என் உதட்டோரம் தானாகத் துடித்தது. எத்தனையோ வருடம் சிரித்த பழக்கம். விக்கல் ஆரம்பித்தபோது அந்தத் துடிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. நானும் அழுதுகொண்டிருந்தேன்.

அவர் அக்காவின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். "அழுவறேன்ல? பாரு, அழுவறேன். சிரி அக்கா. ஒருக்கா சிரிச்சுரு, நான் நிறுத்திர்றேன்."

அக்காவின் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வெளியே காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும், எங்கள் வரிசை வீடுகளின் கதவுகள் அவ்வளவு மெல்லியவை. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் கதவைத் திறந்தபோது கடைசி வீட்டுக்காரர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்ததும், "காப்பி தீந்துபோச்சுங்க," என்றார்.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. கேமரா திரும்பியது, போட்டோ எடுத்தார்கள், பெட்டியை மூடினார்கள். ஆறு பேர் படியில் பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். கோயிலுக்குத் தாமதமாகத்தான் போனோம். சாமியார் காத்திருந்தார். கல்லறைத் தோட்டத்தில் மழை நின்று பனி இறங்கியிருந்தது.

எல்லாம் முடிந்து ஸ்டுடியோக்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவரிடம் நன்றி சொன்னேன். அவர் ஒரு மாதிரித் தயங்கினார்.

"மேடம், கேமராவத் திருப்பச் சொன்னீங்க, திருப்பிட்டேன். மைக்கப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்களே. அது ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

நேரலையின் லிங்க் திருச்சியிலும் துபாயிலும் இருக்கும் உறவினர்கள் எல்லோருக்கும் போயிருந்தது. ஒருவர் பதிவு செய்து வெளியே விட்டால் போதும். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிறவள் நான். படத்தை மறைத்தவளுக்குச் சத்தம் ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் நேராகச் சொல்லிவிட்டேன். அவர் அக்காவின் தையல் மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"மொகம் தெரிஞ்சுதுங்களா?" என்றார்.

"இல்லீங்க. சாமி படம் மட்டுந்தான்."

"அக்கா மொகம்?"

"இல்லவே இல்லீங்க."

அவர் பதில் சொல்வதற்குள் அக்காவின் கணவருடைய போன் அடித்தது. மகன். அவர் ஸ்பீக்கரில் போட்டார். பையன் அப்பாவிடம் பேசவில்லை, சித்தியைத்தான் கேட்டான்.

"சித்தி, ஆரம்பத்துல இருந்து பாத்துட்டே இருந்தேன். அம்மா மொகத்தப் பாத்தும் எனக்கு அழுகையே வரல. யாரோ செத்ததை டிவியில பாக்கற மாதிரியே இருந்துச்சு. எனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு பயந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்புறம் சாமி படம் வந்துச்சு. நீங்க அழுவறது கேட்டுச்சு. நீங்க அழுதா கூடவே அம்மா சிரிக்கற சத்தம் வருமில்ல? நானும் காத்துட்டே இருந்தேன் சித்தி. வரல. அப்பத்தான் தெரிஞ்சுது, அம்மா இல்லைன்னு. அப்பத்தான் அழுதேன்."

தங்கை போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"மைக்கு தலமாட்டுலயேதான இருந்துச்சுடா," என்றார். "விக்கலெல்லாம் வெவரமாக் கேட்டுச்சா?"

அங்கே பையன் அழுதுகொண்டே சிரித்தான். இங்கே அவன் அப்பாவும் சிரித்தார். மூன்று நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

"அத மட்டும் அழிச்சுராதீங்க சித்தி. எனக்கு வேணும்," என்றான்.

"ஊருக்கெல்லாம் வேண்டாங்க," என்று தங்கை என்னிடம் சொன்னார். "இவனுக்கு மட்டும் இருக்கட்டும்."

அவரை இப்போதும் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். அந்த அழுகை வந்தால் இப்போதும் சிரிக்கிறேன், அவர் அக்காவிடம் கேட்டதும் அதைத்தானே. அன்று நான் பார்த்துப் பார்த்துச் செய்த எந்த ஏற்பாடும் அந்தப் பையனை அவன் அம்மாவின் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தவில்லை. நான் மறந்துபோன ஒன்றுதான் நிறுத்தியது. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டோம் என்று தோன்றும் நாட்களில் இது என் நினைவுக்கு வராமல் போவதில்லை.

அன்று அந்த வீட்டிலிருந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக ஸ்டுடியோக்காரருக்குப் போன் செய்து, எல்லோருக்கும் போன லிங்க்கை மூடச் சொன்னேன், முழுப் பதிவையும் மகனுக்கு மட்டும் அனுப்பச் சொன்னேன். "நடுவுல கொஞ்ச நேரம் வெறும் சாமி படந்தாங்க தெரியுது மேடம், அத வெட்டிட்டு அனுப்பட்டுங்களா?" என்று அவர் கேட்டார். அந்த இடத்தில் மட்டும் கையே வைக்க வேண்டாம் என்றேன்.