கேட்டுக்கு வெளியே இரண்டு முட்டை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தாத்தா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அறுவை செய்து, கம்பி வைத்து, புந்தோங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது தாதி சித்தப்பாவிடம், "கம்பி மட்டும் போதாதுங்க. முட்டை, மீனுன்னு நல்லா கொடுங்க. உடம்புல சத்து இருந்தாதான் எழுந்து நடப்பாரு" என்றார்.

அந்த நேரம் அத்தை கோயிலில் இருந்தார். தாத்தா தன் காலால் நடந்து வந்து அம்மன் முன்னால் நிற்கும்வரை முட்டை, மீன், கறி எதுவும் எங்கள் வீட்டுக்குள் நுழையாது என்று வேண்டிக்கொண்டு வந்துவிட்டார். அத்தை தாத்தாவின் மூத்த மகள். சமையலறை அவர் கையில். வேண்டுதலை மாற்றச் சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. பாலைக் கொடுத்தால் வயிறு ஊதுகிறது என்று தாத்தா தள்ளிவிடுவார். மிச்சம் கஞ்சியும் ரசமும்தான்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து தாத்தா கைலிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டுவார். அது தளரத் தளர ஆணியால் புது ஓட்டை போடுவது என் வேலை. ஒரு மாதத்தில் மூன்று ஓட்டை போட்டேன். வீட்டிலேயே கிடக்கிற மனிதரின் உடம்பு எங்கேதான் போகிறது என்று எனக்கு ஒரே வியப்பு. நடை பழக ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் கம்பியைப் பிடித்து எழுந்தால் முழங்கால் நடுங்கும். மறுபடியும் உட்கார்ந்துவிடுவார்.

சித்தப்பா ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை பார்த்தார். ஒரு சாயங்காலம் மோட்டார் சைக்கிளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தி, அகல வாய் பிளாஸ்க் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். உள்ளே சுடுதண்ணீரில் இரண்டு முட்டை. வேலை முடிந்ததும் போட்டு மூடினால், வீடு வருவதற்குள் அரைவேக்காடு ஆகிவிடுமாம்.

"முட்டை வீட்டுக்குள்ள வராதுப்பா. நீங்கதான் வெளிய வரணும்."

"படுபாவி, இடுப்பு ஒடஞ்சவன நடக்கச் சொல்றியேடா!"

"ஆறிப்போவுது லா."

தாத்தா திட்டிக்கொண்டே எழுந்தார். வாசலிலிருந்து கேட் பதினைந்து காலடி. முதல் நாள் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். கேட்டைத் தாண்டி, சித்தப்பா போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அவர் உடைத்து ஊற்றிய முட்டையைக் கிண்ணத்தோடு வாயில் கவிழ்த்துக்கொண்டார். "உப்பு இல்ல, மிளகு இல்ல" என்று அதற்கும் ஒரு திட்டு.

அம்மன் கோபித்துக்கொண்டு தாத்தாவை நடக்கவே விடமாட்டாள் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. வாய் திறக்கவே கூசுகிற பிள்ளை நான். இருந்தாலும் நான்காம் நாள் சமையலறைக்குப் போய் அத்தையிடம் சொல்லிவிட்டேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வீட்டுக்குள்ளயா சாப்பிடுறாரு?"

"இல்ல அத்தை. கேட்டுக்கு வெளிய."

"அப்ப சரி. போய்ப் படி."

நான் சொன்னது அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கேட்டில் தொங்கிய தபால் பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. நாள்காட்டித் தாளில் மடித்த உப்பும் மிளகுத்தூளும்.

"நீங்களாப்பா வச்சீங்க?"

"நீ கொண்டாந்ததுன்னுல்ல நெனச்சேன்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். அன்றிலிருந்து தினமும் பொட்டலம் இருந்தது, முந்தின நாள் தேதியோடு.

பெல்ட் ஒவ்வொரு ஓட்டையாகப் பழைய இடத்துக்குத் திரும்பியது. தாத்தாவும் கேட்டிலிருந்து தெருமுனை, தெருமுனையிலிருந்து கோயில் என்று போய்ச் சேர்ந்தார். அம்மன் முன்னால் அவர் நின்றபோது அத்தை அழுதுகொண்டே தேங்காய் உடைத்தார். அன்று மத்தியானம் வீட்டில் மீன் குழம்பு.

எங்கள் வீட்டு நாள்காட்டியை அத்தையைத் தவிர வேறு யாரும் கிழிப்பதில்லை. அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனாலும் அத்தனை முட்டையும் அம்மன் கண்ணில் படாமல் எப்படித் தப்பியது என்றுதான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.