இரண்டு ஒன்றாம் நம்பர்கள்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. பல்லி மேலே விழுந்தால்கூடப் பஞ்சாங்கத்தைத் தேடுகிற ஆள். அதனால் மனைவிக்குக் காய்ச்சல் வந்ததிலிருந்து நான் தூங்காமல் கிடந்ததை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் திங்கட்கிழமை காலையில் காய்ச்சல் விட்டிருந்தது. ஆனால் பல் துலக்கியபோது ஈறில் ரத்தம். கேட்டால், "பிரஷ் குத்தியிருக்கும்ங்க" என்றாள். பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆவுடையார்கோவில் கிளினிக்குக்குப் போனேன். வழி முழுக்க என் முதுகில் சாய்ந்தே வந்தாள். அவள் அப்படிச் சாய்கிறவள் இல்லை.

டெங்குவாக இருக்கலாம், பிளேட்லெட் பார்த்துவிடுவோம் என்றார் டாக்டர். அது இறங்கினால் உடம்புக்குள் ரத்தம் கசியும், காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தே என்றும் சொன்னார். டாக்டர்கள் இதையெல்லாம் என்னைப் போன்றவனிடம் சொல்லக்கூடாது.

கிளினிக்கை ஒட்டியே லேப். எனக்குப் பழகிய இடம்தான். இந்தப் பக்கத்தில் கடை, லேப் எங்கே கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். லேப்பில் வேலை பார்க்கும் பெண் ரத்தம் எடுத்தாள். பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் மீமிசலிலிருந்து வந்த ஒரு மீன் வியாபாரியும் அவர் மனைவியும். அவருக்கும் இரண்டு நாளாகக் காய்ச்சலாம். எங்களுக்கு முன்பே ரத்தம் கொடுத்துவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து இடியாப்பத்தை மீன் குழம்பில் புரட்டி அடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் எங்கள் ரிசல்ட் வந்தது. "அண்ணே, ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்குண்ணே. பயப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண். டாக்டரும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிக்கச் சொன்னார். அடுத்து அந்த மீமிசல்காரரின் ரிசல்ட்டைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது. உடனே புதுக்கோட்டைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கிளினிக் ஆம்புலன்ஸை வரச்சொன்னார்.

"எனக்கு என்னங்க? கடையில ஐஸ் உருகிக்கிட்டு இருக்கு, என்னயப் போயி ஏத்துறீங்க" என்று கத்திக்கொண்டே மனிதர் ஏறினார். அவர் மனைவி அழுதபடி, வாய்க்குள் ஓதிக்கொண்டே பின்னால் ஏறினார். தூக்குச்சட்டியும் கூடவே போனது.

"வாங்க, வீட்டுக்குப் போவோம்" என்று என் மனைவி எழுந்தாள். எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சாகக் கிடப்பதாகச் சொல்லப்பட்டவர் கத்திக்கொண்டு போகிறார். நன்றாக இருப்பதாகச் சொல்லப்பட்டவளால் நிற்க முடியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். இருந்தாலும் அவளை உட்காரவைத்துவிட்டு லேப்புக்குள் எட்டிப் பார்த்தேன்.

திரையின் அடிப்பட்டையில் லேப் புரோகிராமின் படம் இரண்டு இருந்தது. ஒரே புரோகிராம், இரண்டு தடவை திறந்து கிடக்கிறது.

"இத யாரு ரெண்டு தடவ தொறந்தது?"

"நான் ஒரு தடவதாண்ணே தொறந்தேன்."

லேப் உரிமையாளர் கோயிலிலிருந்து விபூதியோடு அப்போதுதான் உள்ளே வந்தார். "காலையில நான் தொறந்தேன் தம்பி. திங்கக்கெழம ஏழரைக்கு ராகு காலம் வந்துருதுல்ல? அதுக்கு முன்னாடியே தொறந்து, மொத ஆளு பேரப் போட்டு ரத்தமும் எடுத்து வச்சிட்டு, புரோகிராமத் திரையில கீழ இறக்கி விட்டுட்டுக் கோயிலுக்குப் போனேன்."

அந்த முதல் ஆள் மீமிசல்காரர். பிறகு வந்த பெண், திரை வெறுமையாக இருக்கவே, மறுபடி திறந்திருக்கிறாள். புதிதாகத் திறந்தது புதிதாக எண்ணத் தொடங்கி, என் மனைவிக்கும் ஒன்றாம் நம்பர் கொடுத்துவிட்டது. மெஷின் 'ஒன்று' என்று ரிசல்ட் அனுப்பினால் இரண்டில் எது முந்துகிறதோ அது வாங்கி, தன்னிடம் உள்ள பெயரில் தானாகவே அச்சடித்துவிடும்.

"மெஷின் தப்பாச் சொல்லாதுண்ணே" என்றாள் அந்தப் பெண்.

"சொன்னது சரிதாம்மா. யாருக்குச் சொல்லுச்சு?"

தட்டில் ரத்தம் எடுத்து வைத்திருந்த இரண்டு டியூப்களிலும் ஒன்று என்றே ஒட்டியிருந்தது. உரிமையாளர் திரையில் திறந்து கிடந்த இரண்டு புரோகிராமையும் மூடிவிட்டு, ஒன்றை மட்டும் திறந்தார். என் மனைவியிடம் புதிதாக ரத்தம் எடுத்தார்கள். மெஷின் முனகிக்கொண்டிருந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிக்கும் வேண்டிக்கொண்டேன், என் சந்தேகம் பொய்யாகட்டும் என்று. பொய்யாகவில்லை. பிளேட்லெட் இருபதாயிரத்தைக்கூடத் தொடவில்லை.

அறந்தாங்கி ரோட்டில் போய்க்கொண்டிருந்த ஆம்புலன்ஸைப் போனில் திருப்பினார்கள். மீமிசல்காரர் இறங்கினார். விஷயம் தெரிந்ததும் அவர் சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் என் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கூட வேற யாரும் வரலையா? பொம்பளைங்க வார்டுல ஒங்கள விட மாட்டாங்களே" என்றார். பிறகு வண்டிக்குள் பார்த்து, "நீ எறங்காத. இந்தப் புள்ளைக்குத் தொணையாப் போ" என்றார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். என் மனைவியை அதே படுக்கையில் படுக்கவைத்தோம். கணவருக்காக ஓதிக்கொண்டிருந்தவர், அவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஓதத் தொடங்கினார்.

புதுக்கோட்டையில் என்னை வார்டுக்கு வெளியேதான் உட்காரவைத்தார்கள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். தெரிந்த கடையில் ஒரு லேப்டாப்பை இரவல் வாங்கிவந்து, அந்த லேப் புரோகிராமை இரண்டு தடவை திறக்கவிடாதபடி ஒரு பூட்டு எழுதினேன். புரோகிராமை முதலில் எழுதியவன் எங்கோ வெளிநாட்டில் இருக்கிறான். அவன் விட்டுப்போன கோடு என்னிடம் இருந்தது. திறந்ததும் அடையாளமாக ஒரு ஃபைல் வைக்கலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கரண்ட் போனால் அந்த ஃபைல் அப்படியே கிடக்கும், மறுபடி திறக்கவே விடாது. அப்புறம் நோயாளிகள் வாசலில் நிற்பார்கள். அதனால் அடையாளத்தை விண்டோஸின் கையிலேயே கொடுத்தேன். புரோகிராம் செத்தால் அடையாளமும் கூடவே போய்விடும். உயிரோடு இருக்கும்போது இன்னொரு தடவை திறந்தால், பழையதே மேலே வந்து நிற்கும். ராகு காலத்துக்கு முன்பு எத்தனை தடவை வேண்டுமானாலும் அமுக்கிக்கொள்ளட்டும்.

மறுநாள் நர்ஸ் வெளியே வந்து, "ஏற ஆரம்பிச்சிருச்சுங்க. இனிப் பயமில்ல" என்றார்.

எனக்குச் சந்தோஷமே வரவில்லை. "இது அவளோடதுதானாங்க? நல்லாப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். அவர் முறைத்துவிட்டு, பெயரைக் காட்டினார். பெயரைப் பார்த்தும் நான் நம்பவில்லை. அங்கேயும் ஒரு கம்ப்யூட்டர்தானே.

அப்போது வார்டுக் கதவு வழியாக அந்த அம்மா தலையை நீட்டினார். "தம்பி, இந்தப் புள்ள அந்தத் தூக்குல இருந்த இடியாப்பம் வேணுங்குது. நேத்தே கெட்டுப்போயிருக்கும்னா கேக்க மாட்டேங்குது. வெளிய எங்கயாச்சும் கெடைக்குமா, பாருங்க."

ஒரு வாரமாக அவள் எதையும் கேட்டுச் சாப்பிடவில்லை. நான் செருப்பைத் தேடாமலேயே படியிறங்கி ஓடினேன்.