"டிஸ்க்கு நெறஞ்சு வழியுது, வெரசா வாங்க" என்று எழுதிய முருகேஸ்வரியக்கா

முருகேஸ்வரியக்கா போய்விட்டார்... நேற்றுக் காலை. நெஞ்சு வலி.

மகள்தான் போன் செய்தாள். "மாமா, அம்மா போயிருச்சு. தோட்டத்துக்குக் கெளம்பிக்கிட்டு இருந்துச்சு, அப்படியே உக்காந்துருச்சு."

இங்கே பாதிப் பேருக்கு அக்காவைத் தெரியாது. போடிக்குப் பக்கத்தில் சிலமலைக்காரர். எங்கள் கம்பெனியில் என்னோடு டெவ்ஆப்ஸ் வேலை பார்த்தவர். அதாவது, மற்றவர்கள் எழுதும் ப்ரோக்ராம் சர்வரில் விழாமல் ஓடுகிறதா என்று காவல் காக்கும் வேலை.

கொரோனாவுக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேருமே போடியில் இருந்துதான் வேலை பார்த்தோம். போன வருடம் அக்கா வேலையை விட்டுவிட்டு, போடிமெட்டுக்கு மேலே வீட்டுக்காரரின் ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அழுது வடிந்து எழுதினால் எங்கிருந்தாவது வந்து கமெண்டில் திட்டுவார். அதனால் சிரித்த கதையையே சொல்கிறேன்.

சர்வரைக் கவனிக்க அக்கா எழுதிய ஸ்க்ரிப்ட் எதுவும் இங்கிலீஷில் பேசாது. போடித் தமிழில்தான் பேசும்.

சர்வரில் இடம் தீர்ந்துபோனால் ஊர் உலகத்தில் எல்லாம் "எரர்" என்று ஒரு வரி வரும். எங்கள் ஆபீஸ் குரூப்பில் மட்டும், "ஏப்பா, டிஸ்க்கு நெறஞ்சு வழியுது. யாராச்சும் வெரசா வாங்க" என்று வரும்.

பேக்கப் நின்றுபோனால், "நேத்தும் எடுக்கல, இன்னைக்கும் எடுக்கல. நல்லா இருங்கப்பா."

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. மீட்டிங்கில் எல்லார் முன்னாலும், "மேடம், இது கொஞ்சம் ப்ரொஃபஷனலா இருக்கலாமே" என்றார்.

"இங்கிலீஷ்ல வந்தா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டேங்கிறீங்க சார். வீட்டு ஆளு கத்துற மாதிரி கத்துனாத்தான எந்திரிக்கிறீங்க?"

உண்மைதான் என்பதால் அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

எங்கள் டீமில் புனேக்காரன் ஒருவன் உண்டு. அந்த மெசேஜ்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டே தமிழ் பழகியவன். முதல்முறை சென்னை வந்தபோது ஆட்டோக்காரரிடம் "அண்ணே, வெரசா போங்க" என்றிருக்கிறான். அவர் திரும்பிப் பார்த்து, "தம்பி தேனிப் பக்கமா?" என்று கேட்டாராம். அக்கா இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு மாதம் சிரித்தார்.

புது டூல் என்றாலே அக்காவுக்கு ஆகாது. யாம்ல் என்கிற செட்டிங் ஃபைலில் ஒரு ஸ்பேஸ் தப்பினால் எதுவும் ஓடாது இல்லையா... "ஒரு ஸ்பேஸ் கொறஞ்சதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குதே, இது ஃபைலா, தலதீவாளிக்கு வந்த மாப்ளையா?" என்பார். இன்றைக்கும் அந்த எரர் வந்தால் எனக்குக் கோபம் வராது. சிரிப்புதான் வரும்.

நாட்டு நடப்பையும் விட மாட்டார். பொட்டிபுரம் மலையில் நியூட்ரினோ துகளைப் பிடிக்க ஆய்வுக்கூடம் கட்டுவது பற்றி ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டபோது அக்கா சொன்னது: "கண்ணுக்குத் தெரியாததப் பிடிக்கிறது பெறகு இருக்கட்டும். மொதல்ல நம்ம சர்வர்ல காணாமப் போற லாக் ஃபைலைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லு."

ஏஐ நம் சோலியைப் பறித்துவிடுமா என்று நான் கவலைப்பட்டபோது, "பறிச்சா பறிக்கட்டும்ப்பா. நான் மலைக்குக் காய் எடுக்கப் போறேன்" என்றார். சொன்னபடி போயும் விட்டார், ஏஐ வந்து கேட்பதற்கு முன்னாலேயே.

போன வாரம்தான் அக்காவின் பழைய பாஷ் மொழி ஸ்க்ரிப்டை எல்லாம் பைத்தான் மொழிக்கு மாற்றும் வேலை என் தலையில் விழுந்தது. ஏஐ வைத்து மாற்று, மெசேஜ் எல்லாம் இங்கிலீஷில் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று உத்தரவு.

அக்காவுக்குப் போன் போட்டேன். பின்னால் காய் எடுக்கும் பெண்களின் சத்தம். "இங்கயும் அதே சோலிதான்ப்பா, எங்க அடைச்சிருக்கு, எங்க ஒழுகுதுன்னு தண்ணிக் குழாய் பின்னாலயே திரியிறேன்" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"தூக்கிக் கடாசு. பாஷ் என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

அதோடு விடாமல், "ஆனா அது கத்துறத மட்டும் நிறுத்திப்புடாத அப்பு" என்றார்.

பார்க்கிறேன்க்கா என்றேன். அந்தப் பெண்களில் யாரோ கூப்பிட, "இந்தா வர்றேன் ஆத்தா" என்று அக்கா போனை வைத்துவிட்டார்... அதுதான் கடைசி.

நேற்று சாயங்காலம் சிலமலையில் எடுத்தார்கள். இன்று காலை, லீவு சொல்லியும் மனசு கேட்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். ஏஐ எல்லாவற்றையும் மாற்றி முடித்து வைத்திருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, என்னைவிட நன்றாகவே எழுதியிருந்தது.

கடைசி வரியில் "கம்ப்ளீட்டட் சக்சஸ்ஃபுல்லி" என்று இருந்தது.

அழித்தேன். ஒவ்வொரு வரியாக அக்காவின் வார்த்தைகளையே திருப்பிப் போட்டேன். டிஸ்க்கு நெறஞ்சு வழியுது. நல்லா இருங்கப்பா. எல்லாம்.

இன்னொருவர் பார்த்து சரி சொன்னால்தான் சர்வருக்குப் போகும். புனேக்காரனுக்கு அனுப்பினேன். மேனேஜர் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து பதில் வந்தது, தமிழில்: "வெரசா போடுங்க அண்ணே."

போட்டேன். ஓடியது. எல்லாம் சரியாக முடிந்தால் அக்காவின் ஸ்க்ரிப்ட் கடைசியாக ஒன்று சொல்லும்.

"முடிஞ்சுதுப்பா. போயிச் சாப்புடு."

நேற்றிலிருந்து எதுவும் இறங்கவில்லை. இப்போதுதான் தட்டைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்...

சாப்பிடுறேன்க்கா. நீங்க போயிட்டு வாங்க.